பெயருக்கு ஒரு சப்ரொட்டீன்

போன மாதம் ஒரு கல்யாண ரிசப்ஷன். மாப்பிள்ளையின் சித்தப்பா என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பந்தியில் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். எதிர் வரிசைக்கு அறிமுகமும் செய்தார். "சார் கம்ப்யூட்டர்ல வேலை பாக்கறார். பத்திரிகைல வாராவாரம் எழுதறாரே, அவரேதான்."

எதிரே இருந்தவர் ஒரு ரிடயர்ட் ஹெட்மாஸ்டர். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே கேட்டார்: "ஏன் சார், கம்ப்யூட்டர் தப்பே பண்ணாதாமே?"

வழக்கமாக இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் உண்டு. நாலு பேர் சிரிக்கிற மாதிரி. அன்றைக்கு அது வாயில் வரவில்லை. பரிமாறுகிறவரைப் பார்த்து "ரசம்" என்றேன். எனக்கு ரசம் வேண்டியிருக்கவே இல்லை.

காரணம், மரக்காணத்தில் இருக்கும் ஆரோக்கியமேரி என்ற பெண்மணி. இந்தப் பத்தியில் ரேஷன் கியூவில் இடித்தவரைக் கிண்டல் செய்திருக்கிறேன். மாடி வீட்டு ரேடியோக்காரரை விடவில்லை. என் மைத்துனரைக்கூட விட்டு வைக்கவில்லை. ஆரோக்கியமேரியைப் பற்றி மட்டும் ஒரு வரி எழுதியதில்லை. எழுதினால் என்னைப் பற்றியல்லவா எழுத வேண்டியிருக்கும்?

இந்த வாரம் எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஆபீஸ் உப்பு சம்பந்தப்பட்டது. பெயர் வேண்டாம். கடற்கரையோரமாக நாலு ஊர்களில் உப்பளங்களில் எங்களுக்கு ஆட்கள் உண்டு. பாத்தியில் நிற்கும் உப்புத் தண்ணீரில் கண்ணாடிக் குழாய் ஒன்றை மிதக்க விடுவார்கள். தண்ணீர் எவ்வளவு கனமோ அவ்வளவுக்குக் குழாய் மேலே நிற்கும். அதில் எத்தனை டிகிரி என்று பார்த்து, காலையிலும் மாலையிலும் தாளில் எழுத வேண்டும். கடல் தண்ணீர் மூன்று டிகிரி. இருபத்தைந்தைத் தொட்டால் உப்பு இறங்கும். இவ்வளவுதான் விஷயம்.

மரக்காணத்தில் இந்த வேலையைப் பார்த்தவர் ஆரோக்கியமேரி. எஸ்.எஸ்.எல்.சி. படித்தவர். கணவர் கடலுக்குப் போகிறவர். ஊரில் பாதிப் பேர் உப்பளத்தில் கூலிக்குப் போக, இவர் நோட்டும் குழாயுமாகப் போவார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் பைபிள் வாசகம் படிப்பவரும் இவர்தான்.

மாதக் கடைசியில் நாலு ஊர்த் தாள்களும் மெட்ராஸுக்கு வரும். பஞ்சிங் செக்ஷனில் அந்த எண்களை அட்டைகளில் ஓட்டைகளாகப் போட்டுத் தருவார்கள். அட்டைக் கட்டைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால், நான் எழுதிய ப்ரோக்ராம் அதைப் படித்து ஒவ்வொரு மாதத்துக்கும் சராசரி போட்டுத் தள்ளும். எங்களுக்கென்று சொந்தமாகக் கம்ப்யூட்டர் கிடையாது. ஓரிடத்தில் இரவல். அவர்கள் ஒருநாள் கையை விரித்துவிட்டார்கள். வேறொரு கல்லூரி மிஷினுக்கு மாறச் சொல்லி உத்தரவு வந்தது. இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஏப்ரல் அது.

"ரெண்டும் கம்ப்யூட்டர்தானேய்யா? அட்டையைத் தூக்கிட்டுப் போய்ப் போட வேண்டியதுதானே?" என்றார் எங்கள் அதிகாரி.

நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் ஒவ்வொரு மிஷினுக்குள்ளும் அதை மேய்க்க ஒரு பெரிய ப்ரோக்ராம் உண்டு. ஆபரேட்டிங் சிஸ்டம் என்பார்கள். யார் வரலாம், எப்படிக் கேட்க வேண்டும், எந்த அட்டை முதலில் வர வேண்டும்... எல்லாம் அதன் ராஜ்ஜியம். பழைய மிஷினில் கேட்ட மாதிரி புது மிஷினில் கேட்டால் பதில் வராது. முதல் வாரம் முழுக்க என் அட்டைக் கட்டு வாசலைக்கூடத் தாண்டவில்லை. கொடுப்பேன். மறுநாள் ஒரு தாளில் நாலு வரித் திட்டு வாங்கிக்கொண்டு திரும்பி வரும். ஒரு கமாவுக்காக இரண்டு நாள் போயிற்று.

ஒருவழியாக உள்ளே போனது. போனதும் புது வம்பு.

எந்த ப்ரோக்ராமும் எல்லா வேலையையும் தானே செய்வதில்லை. சில்லறை வேலைகளுக்குச் சின்னச் சின்ன ப்ரோக்ராம்களைக் கூப்பிட்டுக்கொள்ளும். அவற்றுக்கு சப்ரொட்டீன் என்று பெயர். மிஷினோடு ஒரு லைப்ரரியாக அவை இருக்கும். என் ப்ரோக்ராம் கூப்பிட்டதில் மூன்று பேர் புது மிஷினின் லைப்ரரியில் இல்லை. இவர்கள் எங்கே என்று கேட்டு மூன்று பெயரையும் அச்சடித்து அனுப்பியது. ஒன்றுக்குப் பதிலாக வேறொன்று அங்கேயே கிடைத்தது. இன்னொன்றை இரண்டு நாளில் நானே எழுதிவிட்டேன்.

மூன்றாவதுதான் வில்லங்கம். எங்கள் ஆபீஸிலிருந்து டெல்லிக்கு மாற்றலாகிப் போன நண்பர் எழுதியது. பழைய மிஷினின் சொந்த பாஷையில் எழுதியிருந்தார். புது மிஷினுக்கு அதில் ஒரு எழுத்தும் புரியாது. எனக்கும் அதிகம் புரியவில்லை. மேலே ஒரே ஒரு குறிப்பு மட்டும் இருந்தது: அட்டையைச் சரிபார்க்க.

என்ன சரிபார்க்க? டெல்லிக்கு ஒரு கடிதம் போட்டிருந்தால் பத்து நாளில் தெரிந்திருக்கும்.

நான் போடவில்லை. திங்கட்கிழமை ரிப்போர்ட் போக வேண்டும். அன்று வியாழன். அட்டைகளைப் பஞ்சிங் செக்ஷனில்தான் ஏற்கெனவே சரிபார்க்கிறார்களே, மறுபடி எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்று அட்டை எடுத்தேன். முதல் அட்டையில் அந்த சப்ரொட்டீனின் பெயர். இரண்டாவதில் 'திரும்பிப் போ'. மூன்றாவதில் 'முடிந்தது'. அதாவது, அந்தப் பெயரில் ஒருவர் இருக்கிறார், ஆனால் கூப்பிட்டால் ஒரு வேலையும் செய்யாமல் திரும்பிவிடுவார். மிஷின் கேட்டது ஒரு பெயரைத்தானே? கொடுத்தாயிற்று.

ப்ரோக்ராம் ஓடியது. ஒரு திட்டும் இல்லாமல் ஓடியது. கேன்டீனில் ஆபரேட்டருக்குக் காபி வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக்குப் போய் மனைவியிடம்கூட அந்த மூன்று அட்டை சாமர்த்தியத்தைச் சொன்னேன் என்று ஞாபகம்.

வெள்ளிக்கிழமை சராசரிகள் வந்தன. மூன்று ஊர்கள் அழகாக இருந்தன. மரக்காணம் மட்டும் உதைத்தது. வெயில் கொளுத்துகிற மாதங்களில் டிகிரி ஏற வேண்டும். அங்கே இறங்கியிருந்தது.

அதிகாரி தாளை என் பக்கம் திருப்பினார். "மரக்காணத்துல என்னய்யா ஆச்சு?"

தாள்கள் இருந்த பீரோ என் நாற்காலியிலிருந்து எட்டு அடி. எழுந்து போய்த் திறந்து பார்க்க ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும்.

"அங்க இருக்கற ஆள் சரியில்லை சார்," என்றேன். "பாத்திக்குப் போகாமலே வீட்ல உக்காந்து எழுதறாங்க போல."

"பொம்பளையா?"

"ஆமா சார்."

"அதான்," என்றார் அவர். நான் தலையை ஆட்டினேன். அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்... ஆட்டினேன்.

எழுத்தில் கேட்டார். கொடுத்தேன். 'பதிவுகள் நம்பத்தகுந்தவையாக இல்லை. கற்பனையாக எழுதப்பட்டவை என்று சந்தேகிக்க இடமிருக்கிறது' என்று டைப் செய்து கையெழுத்தும் போட்டேன். ஜூன் மாதம் ஆரோக்கியமேரியை வேலையிலிருந்து நிறுத்தி உத்தரவு போயிற்று.

ஜூலையில் ஒரு நாள் அவர் ஆபீஸுக்கே வந்துவிட்டார். முதல் பஸ்ஸில் திண்டிவனம் வந்து, அங்கிருந்து பஸ் மாறி, மெட்ராஸ் வந்து சேரும்போது மணி பதினொன்று. முப்பத்தைந்து வயது இருக்கும். துண்டில் சுற்றிக் கொண்டு வந்த நோட்டை என் மேஜைமேல் வைத்தார்.

"சார், நான் ரெண்டு வேளையும் போயிருக்கேன் சார். போவாத நாள்ல எழுதல. நோட்டப் பாருங்க."

போகாத நாளில் எழுதவில்லை. அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாமே இருந்தது. என் காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை.

"நோட்டு எதுக்கும்மா?" என்றேன். "கம்ப்யூட்டரே காட்டிக் குடுத்திடுச்சு."

"அது எப்படிங்க சார் காட்டும்? அது பாத்திக்கு வந்துச்சா?"

பக்கத்து சீட்டில் இருந்தவர் சிரித்தார். நானும் சிரித்தேன். "அதெல்லாம் உங்களுக்குப் புரியாதும்மா. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது."

அவர் சிரிக்கவில்லை, அழவுமில்லை. நோட்டை மறுபடி துண்டில் சுற்றினார். "ஒரே ஒரு தாளு பாருங்க சார்," என்றார். நான் வேறு ஏதோ பைலைத் திறந்து வைத்துக்கொண்டேன். அவர் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு திண்டிவனம் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டார். சொன்னேன். அன்றைக்கு அவரிடம் நான் சரியாகச் சொன்னது அது ஒன்றுதான்.

டிசம்பரில் குட்டு உடைந்தது.

வேறொரு ஊரில் கண்ணாடிக் குழாய் உடைந்துவிட்டது. புதுக் குழாயை வைக்கோல் சுற்றி பார்சல் கட்டியவனே நான்தான். அது போய்ச் சேரும்வரை தாளில் அந்தக் கட்டங்களைக் காலியாக விடச் சொல்லிக் கடிதம் போட்டவனும் நான். மாதக் கடைசியில் பார்த்தால் அந்த ஊர் சராசரி தொபுக்கென்று விழுந்திருந்தது. மரக்காணம் விழுந்த அதே மாதிரி.

இந்த முறை யாரைத் திட்டுவது?

அட்டைகளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். குழாய் இல்லாத நாட்களில் ஓட்டையே இல்லை. வெறும் அட்டை. பேப்பரில் கையால் கணக்குப் போட்டேன். அந்த நாட்களை விட்டுவிட்டுப் போட்டால் சராசரி சரியாக வந்தது. அந்த நாட்களில் பூஜ்யம் டிகிரி என்று வைத்துப் போட்டால், மிஷின் கொடுத்த எண் அப்படியே வந்தது.

புது மிஷினுக்குக் காலி இடமும் பூஜ்யமும் ஒன்றுதான். டெல்லிக்குப் போன நண்பரின் சப்ரொட்டீன் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஓட்டை இல்லாத அட்டை வந்தால், இது பூஜ்யம் இல்லை, அன்றைக்குப் பார்க்கவில்லை, இந்த நாளைச் சேர்க்காதே என்று சொல்வதற்காக இருந்தது. அந்த நாற்காலியில்தான் நான் ஒரு பெயர்ப் பலகையை உட்கார வைத்திருந்தேன்.

பீரோவைத் திறந்தேன். அதே எட்டு அடி. மரக்காணம் தாள்களை எடுத்தேன். காலிக் கட்டம் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், மார்ஜினில், பென்சிலில் பொடி எழுத்து.

'காய்ச்சல். போகவில்லை.'

'கடல் உள்ளே வந்துவிட்டது. வரப்பு தெரியவில்லை. இறங்கவில்லை.'

'நாத்தனார் அடக்கம்.'

'போனேன். இருட்டிவிட்டது. அளவு சரியாகத் தெரியாததால் எழுதவில்லை.'

பஞ்சிங் செக்ஷனில் மார்ஜினை யாரும் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டியவன் நான்.

டெல்லிக்கு எழுதினேன். பத்தாம் நாள் பதில் வந்தது. புது மிஷினுக்கு ஏற்ற மாதிரி சப்ரொட்டீனைச் சரியாக எழுதிச் சேர்த்தேன். பழைய மாதங்களையும் மறுபடி ஓட்டினேன். மரக்காணத்தின் எண்கள் நிமிர்ந்து நின்றன. அதிகாரியிடம் போய், "ப்ரோக்ராம்ல ஒரு சின்ன இம்ப்ரூவ்மென்ட் பண்ணியிருக்கேன் சார்," என்றேன்.

"குட்," என்றார்.

ஆரோக்கியமேரியைப் பற்றி? வாயைத் திறக்கவில்லை. அந்த மாதம் பிரமோஷன் லிஸ்ட் தயாராகிக்கொண்டிருந்தது. லிஸ்ட் வெளியான பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வெளியானது. என் பெயரும் இருந்தது. அதன்பிறகு, இவ்வளவு நாள் சொல்லாமல் இப்போது போய் எப்படிச் சொல்வது என்று ஒரு புதுக் காரணம் கிடைத்தது. தினமும் ஒரு காரணம் கிடைத்தது. மாசக்கணக்கில்.

பிறகுதான் அந்த ரிசப்ஷன். அந்த ஹெட்மாஸ்டர்.

அடுத்த திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு மரக்காணம் போனேன். டீக்கடையில் பெயரைச் சொல்லி விசாரித்தேன்.

"யாரு, டிகிரி மேரியா?" என்றார் கடைக்காரர். பெஞ்சில் இருந்தவர் லேசாகச் சிரித்தார். "முன்ன எல்லாம் அப்படி மரியாதையா கூப்புடுவோம் சார். அப்புறம் கவுர்மென்ட்டுக்கே பொய்க் கணக்கு எழுதிட்டா. இப்ப அளத்துலதான் உப்பு சுமக்குது. அந்தப் பக்கம் போங்க."

போனேன். வெள்ளை வெயில். கண்ணைத் திறக்க முடியவில்லை. பெண்கள் வரிசையாகக் கூடையில் உப்பைத் தலையில் சுமந்து கொண்டுவந்து மேட்டில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். நாலாவதாக வந்தவர் ஆரோக்கியமேரி. என்னை அடையாளம் கண்டுகொண்டார். கூடையைக் கொட்டிவிட்டு வந்தார்.

"வாங்க சார். வெயில்ல நிக்காதீங்க." கொட்டகை நிழலைக் காட்டினார். தண்ணீர் கொடுத்தார்.

எதிலிருந்து ஆரம்பிப்பது? ஆபரேட்டிங் சிஸ்டத்திலிருந்தா? வழியெல்லாம் பஸ்ஸில் ஒத்திகை பார்த்திருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது. "நீங்க காலியா விட்ட நாளையெல்லாம் மிஷின் பூஜ்யம்னு எடுத்துக்கிச்சும்மா. அதைத் தடுக்கறதுக்கு ஒண்ணு இருந்துது. நான்தான் அதை எடுத்திட்டேன். உங்க எழுத்துல ஒரு தப்பும் இல்ல," என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

கேட்டுக்கொண்டார். கால் விரல்களில் வெடிப்பு. உப்பு உள்ளே போயிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எப்ப தெரிஞ்சுது சார் உங்களுக்கு?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "போன வருஷத்துக்கு முந்தின டிசம்பர்ல," என்றேன்.

விரலை மடக்கி எண்ணினார். எண்ணி முடித்ததும் வேறொன்று கேட்டார்.

"எங்க ஊர் ஒண்ணுதான் அப்படி வந்துச்சா சார்?"

"ஆமா. அப்ப மத்த மூணும் சரியா வந்துது."

"அங்கெல்லாம் ஒரு நாள்கூட யாருக்கும் காய்ச்சல் வரலீங்களா?"

யோசித்துப் பாருங்கள். மூன்று ஊர். வருஷம் முழுக்க. காலையும் மாலையும். புயலில்லை, சாவில்லை, வயிற்று வலிகூட இல்லை. குழாய் உடைந்தபோது நானே விடச் சொன்னதைத் தவிர ஒரு கட்டம் காலியில்லை. அந்த அட்டைகளை மாதாமாதம் மிஷினுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த எனக்கு ஒரு தடவையாவது அந்தக் கேள்வி தோன்றியிருக்க வேண்டாமா?

வேலையைப் பற்றிச் சொன்னேன். அந்த இடத்தில் வேறு ஆள் போட்டாகிவிட்டது, திரும்பக் கிடைப்பது கஷ்டம், ஆனாலும் எழுதிக் கொடுக்கிறேன் என்றேன்.

"வேலை வந்தா வரட்டும் சார். ஊர்ல பேச்சு வந்துடுச்சு. பொய் எழுதறவ கோயில்ல வாசகம் படிக்கிறதான்னு கேட்டாங்க. சாமியாரு நிறுத்தச் சொல்லல. நானேதான் நிறுத்திட்டேன்." நிமிர்ந்து என்னைப் பார்த்து, "என்கிட்ட சொன்னத அங்க வந்து சொல்லுவீங்களா?" என்றார்.

"சொல்றேன்."

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு எல்லாரும் வெளியதான் நிப்பாங்க."

அந்த வாரமே அதிகாரியிடம் எழுத்தில் கொடுத்தேன். படித்துவிட்டு, "இதை எதுக்குய்யா இப்ப கிளர்றே? புது ஆள் வந்ததுலேர்ந்து மரக்காணம் டேட்டா எவ்வளவு சுத்தமா வருது பாரு, ஒரு கட்டம் காலியில்லை," என்றார். அந்தச் சுத்தத்தைப் பற்றியும் ஒரு பாரா எழுதியிருக்கிறேன் சார், இரண்டாம் பக்கம் பாருங்கள் என்றேன். கடிதம் பைலுக்குப் போயிருக்கிறது. என் பிரமோஷன் என்ன ஆகும் என்று தெரியவில்லை. ஆரோக்கியமேரிக்கு வேலை திரும்பக் கிடைக்குமா? அதுவும் தெரியவில்லை. கேட்டுக்கொண்டே இருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் வாசலில் அறுபது எழுபது பேர். சாமியார் என்னை மெட்ராஸ் ஆபீஸர் என்று அறிமுகம் செய்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். டீக்கடைக்காரரும் நின்றிருந்தார். ஆரோக்கியமேரி பெண்கள் பக்கம், தலையில் முக்காட்டோடு.

ஆரம்பித்தேன். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு சிஸ்டம், அதற்கு ஒரு லைப்ரரி, அந்த லைப்ரரியில் இருக்கும் சப்ரொட்டீன்கள்... சொல்லச் சொல்ல எனக்கே தெரிந்தது. நான் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. ஒளிந்துகொண்டிருந்தேன். அவ்வளவு பெரிய மிஷினுக்குப் பின்னால் ஒரு ஆள் ஒளிவது ரொம்ப சுலபம்.

முன்வரிசையில் வலைக்காரர் ஒருவர் கையைத் தூக்கினார்.

"சார், அதெல்லாம் இருக்கட்டும். மேரி எழுதினது சரிதானா?"

"சரிதாங்க. எல்லாமே சரி."

"அப்ப தப்பு யாருது? மிஷினுதா?"

ஆமாம் என்றிருக்கலாம். எல்லாரும் நம்பியிருப்பார்கள்.

"இல்லீங்க. என்னுது."

ஒரே ஒரு வார்த்தை. நாலே எழுத்து. அதைச் சொல்ல எனக்கு ஒன்றரை வருஷம் ஆகியிருக்கிறது.